எம்டன் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்டன் என்பது எந்த மாதிரியான கப்பல்? அவ்வளவு பயங்கரமானதா?

இல்லை. பேச்சு வழக்கில் அந்தப் பேருக்கு இருக்கிற முரட்டுத்தனம் கப்பலுக்குக் கிடையாது. 1914இல் சென்னையைச் சுட்ட எம்டன், ஜெர்மன் கடற்படையில் 'இலகு குரூசர்' என்ற வகுப்பைச் சேர்ந்த சிறிய போர்க்கப்பல். டான்சிக் அரசுக் கப்பல் பட்டறையில் கட்டி, 1908 மே மாதம் நீரில் இறக்கி, 1909 ஜூலையில் பணியில் சேர்த்தார்கள். நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். முழுச் சுமையோடு எடை 4,200 டன்னுக்குச் சற்று மேல். நிலக்கரியால் எரியும் 12 கொதிகலன்கள், இரண்டு பழைய பாணி பிஸ்டன் நீராவி எஞ்சின்கள், இரண்டு சுழலிகள். இதன் உடன்பிறப்பான டிரெஸ்டனுக்குப் புதுமையான டர்பைன் கிடைத்தது, எம்டனுக்குக் கிடைக்கவில்லை. உச்ச வேகம் 23.5 முதல் 24 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்).

ஆயுதம்: 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு டார்பிடோ குழாய்கள். பீரங்கிகள் இரு பக்கமும் பிரிந்து நின்றதால் ஒரே நேரத்தில் ஐந்தைத்தான் ஒரு பக்கம் திருப்பிச் சுட முடியும். குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 17 கிலோ. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொக்கோஸ் தீவுச் சண்டை பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

ஜெர்மன் கப்பல் இந்தியப் பெருங்கடலுக்கு எப்படி வந்தது?

ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. சீனக் கடற்கரையில் ஜெர்மனி குத்தகைக்கு எடுத்திருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதன் வீடு. அட்மிரல் மாக்ஸிமிலியன் ஃபான் ஷ்பேயின் கிழக்காசியப் படைப்பிரிவில் அது ஒன்று. 1914 ஜூலை 31 அன்று, முதல் உலகப் போர் வெடிக்குமுன், சிங்தாவை விட்டு வெளியேறியது. ஆகஸ்ட் 4 அன்று ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு மரியானா தீவுக் கூட்டத்தில் உள்ள பாகான் தீவில் படைப்பிரிவோடு சேர்ந்தது.

அங்கே ஆகஸ்ட் 13 அன்று கூட்டம். ஷ்பே தன் பெரிய கப்பல்களைத் தென் அமெரிக்காப் பக்கம் கொண்டுபோக முடிவு செய்தார். இந்தியப் பெருங்கடலில் முழுப் படையும் இயங்க நிலக்கரி கிடைக்காது என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், ஒரே ஒரு சிறிய கப்பலாவது போகட்டும் என்று கேட்டார். அனுமதி கிடைத்தது. மறுநாளே 5,000 டன் ஷாண்டுங் நிலக்கரி ஏற்றிய மார்க்கோமான்னியா என்ற சரக்குக் கப்பலோடு பிரிந்து போனது. டச்சுத் தீவுகளுக்கிடையே புகுந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வங்காள விரிகுடாவை எட்டியது.

எல்லாரும் நிலக்கரி நிலக்கரி என்கிறார்களே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

எம்டனின் முழுக் கதையும் அதில்தான் அடங்கும். கப்பலின் கிடங்கில் அதிகபட்சம் சுமார் 860 டன் நிலக்கரி அடங்கும். 12 நாட் வேகத்தில் 3,760 கடல் மைல் ஓடும். கணக்குப் போட்டால் 313 மணி நேரம், அதாவது 13 நாள். ஒரு நாளைக்கு 65 டன் சுமார். இது நிதான நடையில். முழு வேகத்தில் துரத்தினாலோ, தப்பி ஓடினாலோ செலவு பல மடங்கு ஏறும். ஆகவே முல்லர் எப்போதும் மெதுவாகவே ஓட்டினார், வேகத்தைச் சண்டைக்கும் துரத்தலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்.

துறைமுகம் ஒன்றும் அவர் கையில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலக்கரி ஏற்ற வேண்டும். அமைதியான கடலில் நிலக்கரிக் கப்பலைப் பக்கத்தில் அணைத்து, இரண்டுக்கும் நடுவே தடுப்புத் துண்டுகளைத் தொங்கவிட்டு, சாக்குச் சாக்காகத் தோளிலும் கயிற்றிலும் ஏற்றினார்கள். அலை சற்று எழுந்தாலும் இரு கப்பல்களும் முட்டும், பக்கத் தகடு நெளியும். அதனால்தான் தீவுகளின் மறைவுப் பக்கத்தைத் தேடித் தேடிப் போனார்கள். ஏற்றி முடியும்போது கப்பல் முழுக்கக் கரித்தூசி, மேல்தளத்திலும் குவியல். எல்லோரும், அதிகாரிகள் உட்பட, கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

நிலக்கரியின் தரமும் பெரிய பிரச்சினை. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நிலக்கரி வெப்பம் அதிகம், புகை குறைவு. இந்திய நிலக்கரி தண்டமான கரி: அதிகம் எரியும், கறுப்புப் புகை தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும், குழாய்களில் கரி படிந்து அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். செப்டம்பர் 27 அன்று பிடித்த புரெஸ்க், 6,600 டன் கார்டிஃப் கரியோடு ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மூழ்கடிக்காமல் கூடவே வைத்துக்கொண்டார்கள். எம்டனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு அதுதான்.

ஒரு வணிகக் கப்பலைப் பிடித்தால் என்ன செய்வார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முடியும். கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான்.

முதலில் புகையைப் பார்த்ததும் நெருங்குவார்கள், சுடுவதற்குச் சற்று முன்தான் ஜெர்மன் கொடியை ஏற்றுவார்கள். ஒரு வெற்றுக் குண்டு. "நில், கம்பியில்லாத் தந்தியைப் பயன்படுத்தாதே" என்று கொடியாலோ விளக்காலோ சொல்வார்கள். அடுத்து அதிகாரி ஒருவர் தலைமையில் ஆயுதம் தாங்கிய குழு படகில் போகும். இந்த வேலையில் பேர் போனவர் யூலியுஸ் லவுட்டர்பாக், முன்னாளில் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தில் கப்பல் தலைவராக இருந்தவர், ரிசர்வ் அதிகாரி. கிழக்குக் கடல்களில் பழகிய ஆள். எந்தக் கப்பலில் எந்தத் தாள் உண்மையானது, எது போலி என்று அவருக்குத் தெரியும்.

காகிதங்களைப் பார்ப்பார்கள். நடுநிலை நாட்டுக் கப்பல் என்றால், சரக்கு எதிரிக்கானது இல்லை என்றால், விட்டுவிட வேண்டும். பிரிட்டிஷ் கப்பல் என்றால் மூழ்கடிக்கலாம், ஆனால் ஆட்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்ட பிறகுதான். ஆட்களையெல்லாம் ஏதாவது ஒரு கப்பலில் குவித்து, அது நிரம்பியதும் விட்டுவிடுவார்கள். காபிங்கா அப்படித்தான் தப்பியது. அதன் சரக்கில் அமெரிக்கர்களுடையது அதிகம், மூழ்கடித்தால் நஷ்டஈடு கேட்பார்கள். கேப்டனின் மனைவியும் குழந்தையும் கூட அதே கப்பலில் இருந்தார்கள். செப்டம்பரில் இலங்கைக்கு அருகே கிரைஃப்வேல், அக்டோபரில் செயிண்ட் எக்பர்ட் ஆகிய கப்பல்களும் இப்படியே ஆட்களை ஏற்றி அனுப்பப்பட்டவை.

மூழ்கடிக்கும் முறை: அடித்தளத்தில் கடல்நீர் வரும் வால்வுகளைத் திறந்துவிடுவார்கள், அடித்தட்டில் வெடி வைப்பார்கள். இரண்டும் தாமதமாகும். பொறுமை போனால் பீரங்கியால் சுடுவார்கள். கரித் தூசி நிறைந்த வெற்றுக் கிடங்கில் வெடி வைத்தால் தூசியே தீப்பிடித்து வெடிக்கும். செப்டம்பர் 14 அன்று டிராபோக் என்ற கப்பல் மூழ்கும்போது அப்படி நடந்தது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஆட்களை விட்டால் செய்தி வெளியே போகும். செப்டம்பர் 13 அன்று நிறுத்தி விட்டுவிட்ட லோரடானோ என்ற இத்தாலியக் கப்பல்தான் வங்காள விரிகுடாவில் எம்டன் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னது. கல்கத்தாவிலிருந்து கப்பல்கள் புறப்படுவது உடனே நின்றது. வேட்டைக்காரருக்கு இரை குறைந்தது. ஆனால் கப்பல் ஓட்டம் நின்றதும் ஒரு வெற்றிதானே என்று முல்லர் எடுத்துக்கொண்டார்.

பிடித்தவற்றில் என்ன சரக்கு இருந்தது?

இண்டஸ் என்ற கப்பல் குதிரைப்படையை ஏற்றுவதற்காகப் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, அதில் சோப்பு நிறைய இருந்தது. எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம் அது, கரித்தூசியில் கிடந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வரம் வேறில்லை. டிப்ளமாட் முழுக்கத் தேயிலை. கிளான் மேத்சன் கப்பலில் மோட்டார் கார், தட்டச்சுப்பொறி, ரயில் எஞ்சின். டைமெரிக்கில் சர்க்கரை. அக்டோபர் 18 அன்று பிடிபட்ட டிரோயிலஸில் செம்பும் தகரமும் ரப்பரும் இருந்தன. அதே நாள் பிடித்த எக்ஸ்ஃபோர்டில் 5,500 டன் நிலக்கரி இருந்தது, அதை மூழ்கடிக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு விசித்திரம்: பொன்ராபெல் என்பது கடலடி மண் வாரும் கப்பல், மண் வாரும் கப்பலையுமா பிடிப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

எத்தனை கப்பல் என்ற எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதற்குக் காரணம் கணக்கிடும் முறை. மூழ்கடித்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள், கடைசியில் தானே மூழ்கவைத்த புரெஸ்கையும் சேர்த்து, 16. மொத்தம் 70,000 டன் சுமார். பிடித்து விட்டவற்றையும் கூடவே வைத்துக்கொண்டவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 20ஐத் தாண்டும். இவை தவிர இரண்டு போர்க்கப்பல்கள். பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளில் ஒருவரையும் எம்டன் கொல்லவில்லை.

நான்காவது புகைபோக்கி கதை உண்மையா?

உண்மை. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தப் பகுதியில் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குரூசர் யார்மத்துக்கு நான்கு. முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் முக்கேயின் யோசனைப்படி மரச்சட்டமும் கான்வாஸ் துணியும் கொண்டு நான்காவதைச் செய்தார்கள். முதலில் செய்தது தட்டையான பலகை மாதிரி இருந்தது, பக்கத்திலிருந்து பார்த்தால் சரி, முன்னாலிருந்து பார்த்தால் சீட்டுக்கட்டு அட்டை. பிறகு உருண்டையாகச் செய்தார்கள். தேவைப்படும்போது ஏற்றுவார்கள், இல்லாதபோது மடக்கி வைப்பார்கள். நிறுத்திய வணிகக் கப்பல்களில் பல, இது நம் கப்பல்தான் என்று நினைத்தே நெருங்கவிட்டன.

சென்னையைக் குண்டு வீசியபோது உண்மையில் என்ன நடந்தது?

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில். ஊரெங்கும் விளக்கு எரிந்தது. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம் போல எரிந்தது. வழிகாட்டி கேட்காமலே கிடைத்தது. எம்டன் 3,000 மீட்டர் தூரத்தில் நின்று, தேடுவிளக்கால் துறைமுகத்தின் தெற்கே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்துச் சுட்டது. 3,46,000 காலன் மண்ணெண்ணெய் எரிந்தது. ஏறக்குறைய 125 குண்டுகள் சுடப்பட்டன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரையும் குண்டு தொட்டது. அங்கே இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கரையிலிருந்து சில குண்டுகள் பதிலுக்குச் சுடப்பட்டன, எம்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடக்கே போவதுபோல் காட்டி, பிறகு விளக்குகளை அணைத்துக்கொண்டு தெற்கே திரும்பிவிட்டார் முல்லர்.

பொருள் இழப்பு பெரிதில்லை. ஆயிரக்கணக்கானோர் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள், கப்பல் கட்டணமும் காப்பீட்டுக் கட்டணமும் ஏறின. முல்லர் விரும்பியதும் அதுவே. ஆங்கிலேயருக்கு இந்தியாவில் இருந்த மதிப்பைக் குறைப்பது, வணிகத்தைக் கலங்கடிப்பது, மக்களிடையே பேச்சை எழுப்புவது. எண்ணெய்த் தொட்டியைத் தாக்கத் தேவைப்பட்ட குண்டுகள் அதிகமில்லை, நேரமும் குறைவு, தப்பிக்கும் வழியும் கைவசம் இருந்தது. சிறிய கப்பலுக்கு இதைவிட மலிவான அடி வேறில்லை.

கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா?

தமிழகத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தவறாகச் சொல்லப்படும் பதிலும் கூட. இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, இருந்திருக்க முடியாது என்பதற்குத் தேதிகளே போதும். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சிங்தாவை விட்டது, அதற்குப் பிறகு எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடவில்லை. செண்பகராமன் அந்த ஆண்டின் கோடையில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். போர் தொடங்கிய பிறகு பெர்லினில் இந்தியப் புரட்சியாளரோடு சேர்ந்தார். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் கப்பலில் அவரை ஏற்ற யாராலும் முடியாது. அவர் செய்த வேலைகளுக்கு இந்தக் கதை தேவையுமில்லை.

இலங்கைக்கு அருகே என்ன செய்தது?

சென்னைக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி கரையோரமாக வந்தது, இரை கிடைக்கவில்லை. செப்டம்பர் 25 முதல் 27 வரை இலங்கையின் தெற்கு, மேற்குக் கடலில் கிங் லட், டைமெரிக், கிரைஃப்வேல், புரெஸ்க், ரிபேரா, ஃபாயில் என்று அடுத்தடுத்துப் பிடித்தது. கொழும்பின் தேடுவிளக்கு ஒளி தெரிகிற தூரத்திலேயே திரிந்தார்கள்.

யாலா காட்டில் வனக்காவலராக இருந்த ஏங்கெல்பிரெக்ட் என்ற தென்னாப்பிரிக்கர், எம்டனுக்கு மாட்டிறைச்சி கொடுத்தார் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது பின்னால் தெளிவானது. எம்டனுக்குக் கரையில் யாரும் உதவவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பிடித்த கப்பல்களிலேயே உணவும் ஆடும் கோழியும் கிடைத்தன.

டியகோ கார்சியாவில் என்ன நடந்தது?

கப்பலின் அடிப்பாகத்தில் கிளிஞ்சலும் பாசியும் பிடித்தால் வேகம் குறையும், கரி அதிகம் எரியும். உலர் துறை இல்லாமல் அதைச் சுத்தம் செய்ய ஒரே வழி: கப்பலின் ஒரு பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, மறுபக்கம் மேலே எழும்பியதும் சுரண்டுவது. அக்டோபர் 9 அன்று டியகோ கார்சியாவில் அதைச் செய்தார்கள், மறுநாளே கிளம்பினார்கள். அங்கிருந்த தென்னந்தோப்பு மேலாளர்களுக்குப் போர் நடக்கும் விஷயமே தெரியாது. தந்திக் கேபிள் இல்லை, செய்தி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஜெர்மானியர் அதைச் சொல்லவுமில்லை. அவர்களின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 12 அன்று, மார்க்கோமான்னியாவை யார்மத் பிடித்து மூழ்கடித்தது. அதே நாளில் பொன்டோபோரஸ் என்ற கிரேக்க நிலக்கரிக் கப்பலும் போனது. எம்டனுக்கு இருந்த துணைகளில் இரண்டு ஒரே நாளில் போயின.

பினாங்கில் ரஷ்யக் கப்பல் எப்படி மூழ்கியது?

அக்டோபர் 28, விடியலுக்கு முன், சுமார் ஐந்து மணி. நான்கு புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள் நிதானமாக நுழைந்தது. உள்ளே ரஷ்யக் குரூசர் ஷெம்சுக் நங்கூரமிட்டிருந்தது, 1905இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்சண்டையில் தப்பிய கப்பல். கொதிகலன் வேலை நடந்ததால் நீராவி இல்லை, காவல் ஒழுங்கில்லை, தலைவர் செர்கசோவ் கரையில் இருந்தார். எம்டன் கொடியை ஏற்றி மிக அருகிலிருந்து டார்பிடோ விட்டது, பீரங்கியாலும் சுட்டது. திரும்பி வந்து இரண்டாவது டார்பிடோ. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 80க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், 120க்கும் மேல் காயம். செர்கசோவ் பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்.

வெளியேறும்போது கிளென்டரெட் என்ற கப்பலை நிறுத்தினார்கள். அதைச் சோதிக்குமுன் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கே காவல் சுற்றி வந்துகொண்டிருந்தது தெரிந்தது. கிளென்டரெட்டை அப்படியே விட்டுவிட்டு மூஸ்கேயை மூழ்கடித்தார்கள், தண்ணீரிலிருந்து 36 பேரைக் காப்பாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தி, அந்தப் பிரெஞ்சுக்காரரைச் சுமத்ராவின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அதற்காகவே அந்தக் கப்பல் தப்பியது.

கொக்கோஸ் தீவில் ஏன் மாட்டியது?

நவம்பர் 9. கொக்கோஸ் கூட்டத்தில் உள்ள டைரக்ஷன் தீவில் இந்தியப் பெருங்கடலின் தந்திக் கேபிள் நிலையம் இருந்தது. அதை அறுத்தால் ஆஸ்திரேலியாவுக்கான செய்தித் தொடர்பு குழம்பும், எதிரிக் கப்பல்களும் அந்தப் பக்கம் இழுக்கப்படும், தாம் அரேபியக் கடலுக்கு நழுவலாம் என்பது திட்டம். நல்ல திட்டம், தவறியது மூன்று இடங்களில்.

ஒன்று: காலை ஆறு மணிக்கு நங்கூரமிட்டபோது நிலக்கரிக் கப்பலான புரெஸ்க்குக்குக் கம்பியில்லாத் தந்தியில் அழைப்பு விட்டார்கள். நிலையத்துக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். பழக்கமில்லாத கப்பல் நுழைகிறது என்று செய்தி அனுப்பினார்கள். இரண்டு: கடலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய 38 கப்பல்களின் அணி அந்த நேரம் ஏறக்குறைய 50 கடல் மைல் தூரத்திலேயே போய்க்கொண்டிருந்தது. முல்லருக்கு அது தெரியாது. காற்றில் கேட்ட சிக்னல்கள் மங்கலாக இருந்ததால் எதிரி வெகு தூரத்தில் இருக்கிறான் என்று கணித்தார். மூன்று: கரைக்குப் போன 50 பேர் குழுவை ஃபான் முக்கே கொண்டுபோயிருந்தார். கேபிளைத் தோண்டி எடுத்து வெட்டுவது நினைத்ததைவிட நேரமெடுத்தது. தந்திக் கம்பத்தை வீழ்த்தினார்கள், கருவிகளை உடைத்தார்கள். ஒன்பதே கால் மணிக்கு அடிவானத்தில் புகை தெரிந்தது. புரெஸ்க்காக இருக்கும் என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி.

ஐம்பது பேரும் கரையில் நின்றுவிட்டார்கள். அனுபவமுள்ள பீரங்கிக்காரர்களும் அதில் அடக்கம்.

சண்டை எப்படிப் போனது? எம்டன் வெல்ல வாய்ப்பு இருந்ததா?

சிட்னியின் கேப்டன் ஜான் குளோசப். அதன் வேகம் 25 நாட்டுக்கு மேல், பீரங்கிகள் எட்டு, ஒவ்வொன்றும் 15.2 செ.மீ., குண்டு 45 கிலோ. ஒரு பக்கம் ஐந்து சுடும். எம்டனின் ஒரு வீச்சு சுமார் 85 கிலோ, சிட்னியின் வீச்சு 225 கிலோ. தப்பிக்க வேகமில்லை, தாக்க எடையில்லை. ஒரே வாய்ப்பு, சிட்னிக்குத் தூரம் பிடிபடுமுன் அடித்துத் தளர்த்துவது. அதைத்தான் முல்லர் செய்தார். 9.40 மணியளவில் 9,500 மீட்டர் தூரத்திலேயே முதலில் சுட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து சிறிய பீரங்கி எட்டும் என்று குளோசப் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பக் குண்டுகள் சிட்னியின் தூரமானியையும் பின்பக்கக் கட்டுப்பாட்டையும் தாக்கின. ஆனால் குண்டு சிறியது, பல வெடிக்கவுமில்லை.

பிறகு சிட்னி தூரத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டு அடித்தது. எம்டனின் முன்பாய்மரமும் மூன்று புகைபோக்கிகளும் வீழ்ந்தன. புகைபோக்கி போனால் கொதிகலனுக்குக் காற்றிழுப்பு போகும், நீராவி குறையும். சுக்கான் போனது, சுழலிகளை மாற்றி மாற்றி ஓட்டித் திருப்பினார்கள். டார்பிடோ அறைக்குள் நீர் வந்தது. குண்டுகளை ஏற்றித் தரும் ஆட்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தார்கள். பதினொன்றேகால் மணியளவில் முல்லர் கப்பலை அருகிலிருந்த வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். மூழ்குவதைவிட மீதி ஆட்களைக் காப்பாற்றலாம் என்பது கணக்கு. சிட்னியில் இறந்தவர்கள் 4 பேர், எம்டனில் 130க்கு மேல்.

சிட்னி புரெஸ்க்கைத் துரத்தப் போனது, புரெஸ்க்கின் ஆட்கள் அதைத் தாமே மூழ்கவைத்தார்கள். மாலை நாலு மணிக்குத் திரும்பியபோதும் எம்டனின் கொடி மேலேயே பறந்தது. சரணடையச் சொல்லிக் குளோசப் சமிக்ஞை கொடுத்தார். எம்டனில் சமிக்ஞைப் புத்தகமே எரிந்துபோயிருந்தது. மீண்டும் சுட்டது சிட்னி, அதன் பிறகே வெள்ளைக்கொடி உயர்ந்தது. இந்த இரண்டாம் சுற்று தேவையா என்ற விவாதம் நூறாண்டாக நடக்கிறது. கொடி இறங்காத கப்பலைச் சுடுவது போர் வழக்கப்படி சரி. சுட முடியாத கப்பலைச் சுட்டதாகவும் சொல்லலாம். காயமுற்றவர்களுக்கு மறுநாள் வரை உதவி வரவில்லை, அது மேலும் கசப்பான பகுதி. எம்டனின் குடிநீரும் போயிருந்தது.

கரையில் நின்ற ஐம்பது பேர் என்ன ஆனார்கள்?

அந்த மாலையே அங்கே நின்றிருந்த அயெஷா என்ற 97 டன் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றினார்கள். ஐந்தாறு பேர் ஓட்டும் கப்பலில் ஐம்பது பேர், நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். கயிறு மக்கிப்போனது, பாய் கிழிந்தது, தண்ணீர்த் தொட்டிகளில் கெட்டுப்போனதும் உண்டு. மழைநீரைப் பாயில் பிடித்துக் குடித்தார்கள். சுமத்ராவின் பாடாங்கை எட்டியபோது டச்சுக்காரர் நடுநிலைச் சட்டப்படி 24 மணி நேரம் மட்டும் தந்தார்கள். டிசம்பர் நடுவில் கடலில் சோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைச் சந்தித்து, அயெஷாவை மூழ்கவைத்துவிட்டு ஏறினார்கள்.

1915 ஜனவரியில் யேமனின் ஹொதைதாவில் இறங்கினார்கள். துருக்கியர் கூட்டாளிகள்தான், ஆனால் ரயில் இல்லை. சனாவுக்குப் போய் வழியில்லாமல் திரும்பி, அரபுச் சம்பூக் படகுகளில் கரையோரம் வடக்கே வந்தார்கள். ஜெத்தாவுக்கு அருகே ஏப்ரல் தொடக்கத்தில் பெதூயின் கூட்டத்திடம் சிக்கி மூன்று நாள் ஒட்டகங்களை அரணாக வைத்துச் சண்டை போட்டார்கள், சிலர் இறந்தார்கள். மே மாதம் அல் உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்தார்கள். மே 23 அன்று கான்ஸ்டாண்டிநோபிளில் முக்கே, அட்மிரல் ஸூஷோனிடம் தன் குழு வந்துசேர்ந்ததாகத் தெரிவித்தார்.

முல்லரும் லவுட்டர்பாக்கும்?

முல்லர் மால்டாவில் கைதியாக வைக்கப்பட்டார், பிறகு இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். 1917 செப்டம்பரில் சட்டன் போனிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் வழியாக இருபதுக்கு மேற்பட்டோர் தப்பிய முயற்சியை நடத்தினார், பிடிபட்டார். 1923இல், ஐம்பது வயதாகுமுன் இறந்தார். மலேரியா அவரை விடவேயில்லை.

லவுட்டர்பாக் எக்ஸ்ஃபோர்டோடு பிடிபட்டுச் சிங்கப்பூரின் டாங்ளின் முகாமில் இருந்தார். 1915 பிப்ரவரியில் அங்கிருந்த இந்தியப் படையின் ஐந்தாம் இலகு காலாட்படை கலகம் செய்த நாளில் தப்பி, டச்சுத் தீவுகள், சீனா, அமெரிக்கா என்று சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்.

முக்கே பின்னாளில் போரை எதிர்த்துப் பேசி, நாஜி ஆட்சியில் தொல்லைப்பட்டார். எம்டனில் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பேரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதித்தது.

கப்பலின் மிச்சம் எங்கே இருக்கிறது?

வடக்குக் கீலிங்கின் பாறையில் பல ஆண்டு கிடந்தது. 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இரும்புக்காக உடைத்து எடுத்தது, அடித்தளத் துண்டுகள் மட்டும் கடலடியில் இருக்கின்றன. பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் நிற்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் குண்டுச் சிதறல் இருக்கிறது.

'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்ததா?

ஆமாம். தமிழில் கண்டிப்பான அப்பாவுக்கும், தந்திரக்காரனுக்கும், எதற்கும் அசராதவனுக்கும் எம்டன் என்று பேர். மலையாளத்தில் எமண்டன் என்றால் மிகப் பெரியது, சிங்களத்திலும் தந்திரசாலிக்கு அந்தச் சொல் இருக்கிறது. சென்னையில் அரை மணி நேரமே நின்ற கப்பல், இரவு ஒன்பதரைக்கு எங்கிருந்தோ வந்து, சுட்டு, காணாமல் போனது. குண்டைவிட அந்த மறைவுதான் ஊரைப் பேச வைத்தது என்பது சொல்லின் பொருளிலேயே தெரிகிறது. பிள்ளைகளை அடக்க 'எம்டன் வருவான்' என்று சொன்ன பாட்டிகள் அந்தக் கப்பல் 4,200 டன் என்பதை அறிந்திருக்கவில்லை.